வீட்டு மின்சாதனங்களின் காந்தப்புலம்: அச்சம் எங்கே தேவை, எங்கே தேவையில்லை

வேங்கிக்கால் பகுதியிலிருந்து சிகிச்சைக்கு வருவோர் இக்கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கின்றனர். இதயத்துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட தந்தையை அழைத்து வரும் மகள் கேட்பது ஒரு விதம்: "வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கியிருக்கிறோம் டாக்டர். அப்பா சமையலறைக்குள் வரலாமா?" இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் தாய் கேட்பது மற்றொரு விதம்: "தொட்டில் கட்டியிருந்த சுவரில்தான் மீட்டர் பெட்டி இருந்தது. அதனால்தான் வந்ததா?" இரண்டாவது கேள்வியைக் கேட்கும்போது தாய்மார்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். கேள்விக்குள் ஒரு குற்றவுணர்வு ஒளிந்திருப்பதே அதற்குக் காரணம்.

முதல் கேள்விக்கு ஓர் அளவுநாடா போதும். இரண்டாவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சியை எடுத்துச் சொல்ல வேண்டும். அதே மின்சாதனங்களைப் பற்றி ஒருவரும் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. மருத்துவர் என்ற முறையில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது அதுதான். இக்கட்டுரையின் இறுதிப் பகுதியில் அதற்கு வருவோம்.

காந்தப்புலம் என்பது யாது?

கம்பியில் மின்சாரம் பாயும்போது அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகிறது. மின்சாரம் பாயும் கம்பியின் அருகே வைத்த திசைகாட்டி முள் அசைவதை டென்மார்க் நாட்டு அறிஞர் ஓர்ஸ்டெட் 1820ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தார். மின்விசிறி, மிக்சி, கிரைண்டர் ஆகியவை சுழல்வதும் இக்காந்த விசையினால்தான். ஆகவே மோட்டார் உள்ள ஒரு கருவியில் காந்தப்புலம் இருப்பது குறைபாடு அன்று. அதுவே அக்கருவியின் வேலை.

காந்தப்புலத்தோடு மின்புலம் என்ற ஒன்றும் உள்ளது. இவ்விரண்டையும் பலர் ஒன்றெனக் கொள்கின்றனர். மின்புலம் மின்னழுத்தத்தைப் பொறுத்தது. சுவிட்சை நிறுத்தியிருந்தாலும் மின்னிணைப்பு உள்ள கம்பியைச் சுற்றி அது இருக்கும். ஆனால் சுவரும் மரமும் நம் உடலின் தோலும்கூட அதைப் பெரிதும் தடுத்துவிடும். காந்தப்புலம் அவ்வாறன்று. மின்சாரம் ஓடும்போது மட்டுமே அது தோன்றும், நிறுத்தியவுடன் மறையும். ஆனால் சுவரையும் உடலையும் தடையின்றி ஊடுருவும். எனவேதான் உடல்நலம் பற்றிய ஆராய்ச்சிகள் பெரும்பாலும் காந்தப்புலத்தின் மீதே கவனம் செலுத்தின.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஒரு நொடிக்கு 50 சுற்றுகளாக, அதாவது 100 முறை திசை மாறி ஓடுகிறது. இவ்வளவு குறைந்த அதிர்வெண் கொண்ட புலத்துக்கு எக்ஸ்ரே கதிரைப் போல உயிரணுவின் மரபுப்பொருளை உடைக்கும் ஆற்றல் இல்லை. 'கதிர்வீச்சு' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பதால் வீண் குழப்பம் நேர்கிறது.

காந்தப்புலத்தின் செறிவை மைக்ரோடெஸ்லா என்ற அலகால் அளக்கின்றனர். ஒப்பீட்டுக்குச் சொல்வதானால், பூமியின் இயற்கையான காந்தப்புலம் தமிழகத்தில் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. அது திசை மாறாத நிலையான புலம் என்பதால் வீட்டு மின்சாரத்தின் புலத்தோடு நேராக ஒப்பிட இயலாது. எனினும் அளவின் தன்மையைப் புரிந்துகொள்ள அது உதவும்.

தூரமே முதல் மருந்து

இப்பொருளில் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள வேண்டுமெனில் இதனை நினைவிற்கொள்ளுங்கள்: மின்சாதனத்தின் காந்தப்புலம் தூரத்தோடு மிக விரைவாகக் குறைகிறது. மோட்டார், சுருள் ஆகியவை உள்ள கருவிகளில் தூரம் இரு மடங்கானால் புலம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் ஜெர்மனி நாட்டு அளவீடுகள் இதனைத் தெளிவாக்குகின்றன. தலைமுடி உலர்த்தும் கருவியில் 3 செ.மீ. தொலைவில் 6 முதல் 2,000 மைக்ரோடெஸ்லா வரை புலம் காணப்பட்டது. ஓரடித் தொலைவில் அது அதிகபட்சம் 7 ஆனது. ஒரு மீட்டரில் 0.03க்கு மேல் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தில் 3 செ.மீ. தொலைவில் 50 வரை இருந்தது, ஒரு மீட்டரில் 0.15க்குள் அடங்கிவிட்டது. இஸ்திரிப் பெட்டியில் ஓரடியிலேயே 0.3க்குள் வந்துவிடுகிறது. இரவும் பகலும் ஓடும் குளிர்சாதனப் பெட்டியில், அதை ஒட்டி நின்றால்கூட 2ஐ எட்டவில்லை. மிக்சி போன்ற அரைக்கும் கருவிகளை அமெரிக்காவில் அளந்தபோது அரை அடித் தொலைவில் 3 முதல் 10 வரையும், ஓரடியில் 0.5 முதல் 2 வரையும் இருந்தன.

இவ்வெண்களைப் பார்க்கும்போது ஒன்று புலப்படும். கருவியின் உருவத்துக்கும் புலத்தின் அளவுக்கும் தொடர்பில்லை. பெரிய குளிர்சாதனப் பெட்டியைக் கண்டு அஞ்சுபவர், கையடக்கமான முடி உலர்த்தியைத் தலையோடு ஒட்டிப் பிடித்திருப்பார்.

பொதுமக்களுக்கான வரம்பாக, அயனியாக்காத கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 50 அதிர்வெண் மின்சாரத்துக்கு 1998இல் 100 மைக்ரோடெஸ்லா என்றும், 2010இல் 200 மைக்ரோடெஸ்லா என்றும் நிர்ணயித்தது. இவ்வரம்பு உடல் முழுவதும் ஒரே சீராகப் புலத்துக்கு உட்படும் நிலையைக் கருதி வகுக்கப்பட்டது. மிக வலிமையான புலம் நரம்புகளைத் தூண்டிக் கண்ணில் ஒளிப்பொறிகள் தோன்றச் செய்யும். அது நேராமல் காப்பதே வரம்பின் நோக்கம். முடி உலர்த்தியின் வாயருகே ஒரு புள்ளியில் அளவு கூடுவதனால் உங்கள் உடல் வரம்பை மீறிவிட்டது என்று பொருளாகாது.

2011 முதல் தமிழக அரசு வழங்கிய விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை இம்மாவட்டத்தின் பல வீடுகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவை வந்த பிறகுதான் ஊரில் நோய்கள் பெருகின என்று சொல்வோரை நான் கண்டிருக்கிறேன். மிக்சியின் புலத்துக்கு அந்த வல்லமை இல்லை. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்த காலத்தின் உடலுழைப்பு குறைந்தது உண்மை. அது வேறு செய்தி.

குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயும் மின்கம்பிகளும்

அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். அச்சம் ஆதாரமின்றித் தோன்றியதன்று. 1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில், வெர்த்தைமர், லீப்பர் என்னும் இரு ஆய்வாளர்கள், அதிக மின்னோட்டம் செல்லும் மின்கம்பிகளுக்கு அருகிலிருந்த வீடுகளில் வாழ்ந்த குழந்தைகளிடையே புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டதெனத் தெரிவித்தனர். அதன்பின் பல நாடுகளில் இதே ஆய்வு நடந்தது. 2000ஆம் ஆண்டில் அவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, வீட்டின் சராசரிக் காந்தப்புலம் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேலிருந்த குழந்தைகளிடையே இரத்தப் புற்றுநோய் ஏறத்தாழ இரு மடங்காகப் பதிவாகியிருந்தது. ஆனால் அத்தகைய வீடுகளில் வாழ்ந்தோர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

இங்கே சராசரி என்பது நாள் முழுவதற்குமான சராசரி. மிக்சி அருகே ஐந்து நிமிடம் நிற்பது இக்கணக்கில் சேர்ந்தும் சேராததுமாகிவிடும்.

இதனடிப்படையில் 2001 ஜூன் மாதத்தில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, குறைந்த அதிர்வெண் காந்தப்புலத்தை '2பி' என்ற பிரிவில் சேர்த்தது. 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்பதற்கு இடமுண்டு' என்பது அதன் பொருள். கைப்பேசியில் பரவும் செய்திகளில் இது 'உண்டாக்குகிறது' என்று மாறிவிடுகிறது. இப்பிரிவுகள் சான்றின் உறுதியைக் காட்டுவன; ஆபத்தின் அளவைக் காட்டுவன அல்ல. சோற்றுக் கற்றாழையின் முழு இலைச் சாறும் இதே 2பி பிரிவில்தான் உள்ளது. புகையிலையோ முதற்பிரிவில் உள்ளது. அதில் ஐயமே இல்லை.

ஐயம் நீடிப்பதற்குக் காரணங்கள் உண்டு. விலங்குகளில் செய்த சோதனைகள் இத்தொடர்பை உறுதிசெய்யவில்லை. இவ்வளவு குறைந்த புலம் உயிரணுவில் எவ்வழியாகப் புற்றுநோயைத் தூண்டும் என்பதற்கு ஏற்கத்தக்க விளக்கம் கிடைக்கவில்லை. ஆய்வில் பங்கேற்கச் சம்மதித்த குடும்பங்களும் மறுத்த குடும்பங்களும் வெவ்வேறு வகையினராக இருந்தமையால் கணக்கே சாய்ந்திருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2007இல் இவை அனைத்தையும் சீர்தூக்கி, காரண காரியத் தொடர்பு எனக் கொள்ளுமளவுக்குச் சான்று வலுவாக இல்லை என்று முடிவு செய்தது. ஒருவேளை தொடர்பு உண்மையே என வைத்துக்கொண்டாலும், உலகில் ஓராண்டில் ஏற்படும் 49,000 குழந்தை இரத்தப் புற்றுநோய்களில் 100 முதல் 2,400 வரையே இதனால் நேர்ந்திருக்க முடியும் என்றும் கணக்கிட்டது. பிற்கால ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான பகுப்பாய்வில் அந்த இரு மடங்கு வேறுபாடு காணப்படவில்லை.

ஆகவே தாய்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் குழந்தைக்கு வந்த நோய்க்குத் தொட்டில் கட்டிய இடம் காரணம் என்று சொல்ல மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நீங்கள் செய்த தவறு எதுவும் இல்லை. மாமியாரோ அண்டை வீட்டாரோ வேறுவிதமாகச் சொன்னால், அவர்களையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் வாருங்கள்.

இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. குழந்தைகளுக்கு மிகுதியாக வரும் லிம்போபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய், முழுமையாகச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலும் குணமாகக்கூடியது. ஆனால் அச்சிகிச்சை இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீளும். குழந்தை தேறிவிட்டது போலத் தோன்றும் இடைக்காலத்தில்தான் குடும்பங்கள் சோர்ந்துபோகின்றன. வீடு மாறினால் நோய் தீரும் என்ற நம்பிக்கையில் கையிலிருக்கும் பணத்தை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மாத்திரை வாங்கவும் சென்னைக்குச் செல்லும் பேருந்துச் செலவுக்கும் இல்லாமல் தவிப்பதைக் காணும்போது, காந்தப்புலம் செய்யாத தீங்கை அதைப் பற்றிய அச்சம் செய்துவிடுகிறதே என்று எண்ணுவதுண்டு. சிகிச்சையை இடையில் நிறுத்தாதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்நோய்க்கான சிகிச்சைக்கு உதவி உண்டு. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிலையம் ஆகியவற்றில் இதற்கெனத் தேர்ந்த மருத்துவர்கள் உள்ளனர். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 104 என்ற எண்ணில் கேட்கலாம்.

குழந்தைக்கு விட்டுவிட்டு வரும் நெடுநாள் காய்ச்சல், வெளிறிய முகம், அடிபடாமலே தோன்றும் நீலத் தழும்புகள், ஈறில் இரத்தக் கசிவு, கால் எலும்பு வலிப்பதாகச் சொல்லி நடக்க மறுத்தல், கழுத்திலோ அக்குளிலோ கட்டிகள் ஆகியவை இருந்தால் உடனே இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மின்காந்தப்புலம் அளக்கும் கருவியை இணையத்தில் வாங்குவதைவிட இது பயன் தரும்.

"அப்படியானால் மீட்டர் பெட்டிச் சுவரை ஒட்டியே தொட்டில் கட்டலாமா?" என்று கேட்பீர்கள். இடமிருந்தால் ஒரு மீட்டர் தள்ளிக் கட்டுங்கள். செலவில்லாத முன்னெச்சரிக்கையை மறுக்க வேண்டியதில்லை. படுக்கையின் தலைமாட்டில் இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர், சார்ஜர் ஆகியவற்றை வைக்காதிருப்பதும் அத்தகையதே. இடமில்லாத ஒற்றை அறை வீடு என்றால், அதற்காக உறக்கத்தை இழக்க வேண்டாம்.

இதயக் கருவி பொருத்தப்பட்டவர்கள்

காந்தப்புலத்தைப் பற்றி உண்மையிலேயே கவனம் கொள்ள வேண்டியோர் இவர்களே. வீட்டில் பலருக்கும் பொருந்தும் 'அஞ்ச வேண்டாம்' என்ற அறிவுரையை இவர்களுக்கு அப்படியே சொல்லிவிடக் கூடாது.

பேஸ்மேக்கர் இதயத்தின் மின்துடிப்பை ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். துடிப்பு வந்தால் அமைதியாக இருக்கும். வராவிட்டால் தானே ஒரு தூண்டுதலைத் தரும். வலிமையான வெளிப்புலத்தை அது இதயத்துடிப்பு என்று தவறாகப் புரிந்துகொண்டால், தூண்ட வேண்டிய நேரத்தில் தூண்டாமல் இருந்துவிடலாம். உயிர்காக்கும் மின்னதிர்ச்சி தரும் ஐ.சி.டி. கருவி இவ்வாறு ஏமாந்தால் தேவையில்லாமல் அதிர்ச்சி தரலாம். நிலைக்காந்தம் ஒன்றை மிக அருகில் கொண்டுசென்றால் வேறொன்று நிகழும்: பேஸ்மேக்கர் இதயத்தைக் கேட்காமலே ஒரே வேகத்தில் துடிக்கத் தொடங்கும், ஐ.சி.டி. தன் காவல் பணியையே நிறுத்தி வைக்கும். காந்தத்தை அகற்றியதும் அவை பொதுவாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இன்றைய கருவிகளில் வெளிப்புலத்தை வடிகட்டும் ஏற்பாடு நன்றாகவே உள்ளது. ஆகையால் தேவைப்படுவது சில தூரக் கணக்குகள் மட்டுமே.

இண்டக்‌ஷன் அடுப்பு பாத்திரத்தைச் சூடாக்குவதே காந்தப்புலத்தால்தான். கருவி உற்பத்தியாளர்கள் பொதுவாகச் சொல்லும் இடைவெளி, அடுப்புக்கும் மார்பிலுள்ள கருவிக்கும் இடையே 60 செ.மீ., அதாவது இரண்டு அடி. சமையல் மேடைமுன் நிமிர்ந்து நின்றால் இந்த இடைவெளி ஏறத்தாழ அமைந்துவிடும். பால் பொங்குகிறதா என்று மேலே குனிந்தால் அமையாது. நம் பகுதியில் பல வீடுகளில் அடுப்பைத் தரையிலோ சிறு பலகையிலோ வைத்து, எதிரில் அமர்ந்து சமைக்கின்றனர். அப்போது மார்பு அடுப்புக்கு மிக அருகில் வந்துவிடும். கருவி பொருத்தியவர் அவ்வாறு சமைக்க வேண்டாம். அடுப்பின் வட்டத்துக்கு ஏற்ற பாத்திரத்தை நடுவில் வைப்பதும், உலோகக் கரண்டிக்குப் பதில் மரக்கரண்டியைப் பயன்படுத்துவதும் புலமும் கசிவும் குறைய உதவும். அந்த மகளுக்கு நான் சொன்ன விடை: அப்பா சமையலறைக்குத் தாராளமாக வரலாம், காப்பியும் குடிக்கலாம், அதைக் கலக்கும் பொறுப்பை மட்டும் வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும், அல்லது அவருக்கென எரிவாயு அடுப்பு இருக்கட்டும்.

மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை வழக்கம்போல் பயன்படுத்தலாம். ஓடும் மோட்டாரை மார்போடு அணைத்துப் பிடிக்காமல் அரை அடி விலகியிருந்தால் போதும். மிக்சி மூடியை உடல் எடையால் அழுத்திக்கொண்டு மேலே சாயும் பழக்கம் பலருக்கு உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

கைப்பேசிக்கும் கருவிக்கும் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். சட்டைப் பையில், அதிலும் கருவி உள்ள பக்கத்துப் பையில் வைக்கக் கூடாது. மறுபக்கக் காதில் வைத்துப் பேசுங்கள். சில புதிய கைப்பேசிகளின் முதுகில் வலிமையான காந்த வளையம் உள்ளது. அவை மார்புக் கருவியைக் காந்த நிலைக்கு மாற்றக்கூடும் என்பது 2021இல் வெளியான ஆய்வுகளில் தெரியவந்தது. காதொலிக் கருவிகளிலும் காந்தம் உண்டு. அவற்றைக் கழுத்தில் மாலைபோல் தொங்கவிட வேண்டாம்.

வலி தீர்க்கும் என்று விற்கப்படும் காந்தப் படுக்கை, காந்த வளையல், காந்தப் பட்டை ஆகியவை இவர்களுக்கு முற்றிலும் ஆகாதவை. மின்சாதனங்களின் புலத்துக்கு அஞ்சும் ஒருவரே காந்தப் படுக்கையைக் கடன் வாங்கி வாங்குவதைக் காண்கையில் வியப்பாக இருக்கும்.

மின் வெல்டிங், ஓடும் வண்டி எஞ்சினின் மேல் குனிந்து பழுதுபார்த்தல், ஜெனரேட்டர் அருகே வேலை ஆகியவற்றைத் தொழிலாகக் கொண்டவர்கள், கருவி பொருத்திய மருத்துவரிடம் கேட்டுவிட்டே பணிக்குத் திரும்ப வேண்டும்.

இது வீட்டுச் சாதனம் அன்று என்றாலும், நம் ஊர் என்பதால் சொல்ல வேண்டியுள்ளது. கார்த்திகை தீபம் போன்ற நாட்களில் பாதுகாப்புக்காக உலோகம் கண்டறியும் வாயில்கள் வைக்கப்படுகின்றன. அவற்றை இயல்பான நடையில் கடந்து செல்லலாம். நெரிசலில் சட்டத்தின் மேல் சாய்ந்து நின்றுவிடுவதே தவிர்க்க வேண்டியது. கையில் பிடித்துச் சோதிக்கும் கருவியை மார்பின் மேல் நிறுத்தி வைக்க வேண்டாம் என்று காவலரிடம் அடையாள அட்டையைக் காட்டிச் சொல்லுங்கள். அந்த அட்டை எப்போதும் பையில் இருக்கட்டும். எம்.ஆர்.ஐ. பரிசோதனை செய்யச் சொன்னாலும் முதலில் அதைக் காட்டுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் 15 லட்சம் மைக்ரோடெஸ்லா அல்லது அதற்கும் மேலானது.

எந்தக் கருவியின் அருகிலாவது தலைசுற்றல், படபடப்பு, கண் இருட்டல் தோன்றினால் உடனே இரண்டு எட்டு விலகி அமருங்கள். தீர்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். மயங்கி விழுந்தால் 108 ஐ அழைக்க வேண்டும்.

தலையில் நீர் வடிகுழாய் பொருத்தப்பட்ட குழந்தைகளின் பெற்றோரும் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சிலவகை வடிகுழாய்களின் வால்வை வெளியிலிருந்து காந்தத்தால் மாற்றியமைக்கலாம். விளையாட்டுக் காந்தம், ஒலிபெருக்கி, காந்தமுள்ள கைப்பேசி உறை ஆகியவற்றைத் தலையருகே கொண்டுசெல்லாதீர்கள்.

பிற கேள்விகள்

கருவுற்ற பெண்கள் மிக்சி, துணி துவைக்கும் இயந்திரம், கணினி ஆகியவற்றைப் பயன்படுத்துவதால் கருச்சிதைவோ பிறவிக் குறைபாடோ உண்டாகும் என்பதற்குச் சீரான சான்று இல்லை. இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் எடுப்பது இதைவிடப் பல மடங்கு முக்கியம்.

தலைவலி, உறக்கமின்மை, சோர்வு ஆகியவை மின்சாதனங்களால் வருகின்றன என்று உறுதியாக நம்புவோர் உள்ளனர். அவர்கள் படும் துன்பம் உண்மை. ஆனால் புலம் இருக்கிறதா இல்லையா என்று தெரிவிக்காமல் செய்த சோதனைகளில், அவர்களால் அதை உணர முடியவில்லை. புலம் இல்லாதபோதும் அதே தொல்லைகள் தோன்றின. உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதனைத் தெளிவுபடுத்தியது. எனவே இரத்தசோகை, இரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவற்றைப் பரிசோதித்துப் பார்ப்பதே சரி. காரணம் பெரும்பாலும் அங்கே அகப்படும்.

கைப்பேசிக் கோபுரம் வேறு வகை அலை. இங்கே சொன்ன அளவுகள் அதற்குப் பொருந்தா. கோபுரங்களுக்கான வரம்பை இந்திய அரசு 2012 செப்டம்பர் முதல், பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்துள்ளது.

யாரும் கேட்காத கேள்வி

"எங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா?" இதை ஒருவரும் மருத்துவரிடம் கேட்பதில்லை, எலக்ட்ரீஷியனிடமும் அரிதாகவே கேட்கின்றனர். இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000க்கும் மேற்பட்டோர் மின்சாரம் தாக்கி உயிரிழக்கின்றனர். ஐயத்துக்கு இடமில்லாத ஆபத்து இது.

இவ்விரண்டு செய்திகளும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. மின்சாரத்தை ஏந்தி வரும் கம்பியும் திருப்பி எடுத்துச் செல்லும் நியூட்ரல் கம்பியும் அருகருகே ஓடினால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்று ஏறக்குறைய அழித்துவிடும். வயரிங் பிழையால் மின்சாரம் வேறு வழியாக, எர்த் கம்பி வழியாகவோ தண்ணீர்க் குழாய் வழியாகவோ, திரும்பினால் வீட்டின் காந்தப்புலம் கூடும். அதே பிழை குழாயைத் தொடுபவரையும் தாக்கும். ஆகவே புலத்துக்கு அஞ்சி அளவுக் கருவி வாங்க எண்ணுவோர், அப்பணத்தில் உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து வயரிங்கைச் சோதிக்கச் சொன்னால் இரண்டு அச்சங்களும் ஒருங்கே தீரும்.

மெயின் பெட்டியில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சாதனத்தைப் பொருத்துங்கள். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் கம்பியைச் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொடுங்கள். கிரைண்டர், குளிர்சாதனப் பெட்டி, இஸ்திரிப் பெட்டியின் மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை உடைத்துவிட்டு இரண்டு முனையாகப் பயன்படுத்துவது உயிரோடு விளையாடுவது. இரும்புக் கம்பியில் துணி உலர்த்துவோர், அது மின்கம்பத்திலோ சர்வீஸ் வயரை ஒட்டியோ கட்டப்படவில்லை என்பதை ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் கண்டால் அருகில் செல்லாமல் 1912 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

ஒருவரை மின்சாரம் பற்றிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். இயலாவிட்டால் உலர்ந்த பலகை மீது நின்று, உலர்ந்த மரக்கட்டையால் கம்பியை விலக்குங்கள். 108 ஐ அழையுங்கள். மூச்சும் அசைவும் இல்லையெனில் மார்பின் நடுவில் இரு உள்ளங்கைகளையும் வைத்து, ஐந்து செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, வாகனம் வரும்வரை நிறுத்தாமல் அழுத்துங்கள்.

தாக்குண்டவர் உடனே எழுந்து அமர்ந்து 'ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வந்து இ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும். அவருக்குப் பேஸ்மேக்கரோ ஐ.சி.டி.யோ பொருத்தப்பட்டிருந்தால், அதிர்ச்சி எவ்வளவு சிறிதாக இருந்தாலும், கருவி பொருத்திய மருத்துவமனைக்குத் தெரிவித்து அதன் இயக்கத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள்.